ஒற்று மிகும் இடம்

மார்ச் 4

அன்புள்ள அத்தைக்கு,

இங்கு நான் நலம். உங்கள் கால் வலி எப்படி இருக்கிறது? அத்தான் வாங்கித் தந்த கைபேசியைக் காகிதம் பறக்காமல் இருக்கத்தான் இன்னும் வைத்திருக்கிறீர்கள் என்று தெரியும். பேசினாலும் உங்கள் காதில் விழப்போவதில்லை. அதனால் தபால்.

நம் பத்திரிகை ஆகஸ்ட் 31-ஆம் தேதியோடு அச்சில் நிற்கிறது. பிறகு இணையத்தில் மட்டும்தான். என்னைக் கீழ்த்தளத்துப் பழைய இதழ் அறைக்கு மாற்றிவிட்டார்கள். தொண்ணூற்றிரண்டு வருடத் தாள்களையும் ஸ்கேன் செய்கிறேன். செப்டம்பர் முதல் யார் எந்தச் சொல்லைத் தட்டினாலும் அந்தப் பக்கம் வந்து நிற்கும். வேலை பளு அதிகம்; ஆனால் பிடித்திருக்கிறது.

ஆரம்ப வருடங்களில் முதல் பக்கம் முழுக்க விளம்பரம்தான். கப்பல் புறப்படும் நேரம், தைலம், காணாமல் போன நாய். செய்திக்கு மூன்றாம் பக்கம் போக வேண்டும். போர்க்காலத்தில் முழுப் பத்திரிகையும் ஒற்றைத் தாளாகச் சுருங்கியிருக்கிறது. தேர்வு முடிவு வந்த நாள்களில், எண்களுக்குக் கீழே யாரோ நகத்தால் கீறியிருக்கிறார்கள். அலுவலகப் பிரதியிலேயே! எந்த ஊழியரின் பிள்ளையோ, தேறியதோ இல்லையோ.

கடைசி இதழில் ஐந்தாம் பக்கம் முழுவதும் இங்கே வேலை பார்த்தவர்களுக்காம். உங்களைப் பற்றி நான் எழுத வேண்டும் என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். தலைப்புகூட அவரே வைத்துவிட்டார்: ‘பிழையே விடாத கண்கள்.’ ஒரு புகைப்படம் வேண்டும்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள்,
கரையான்


மார்ச் 15

அன்புள்ள கரையானுக்கு,

ஆசிகள். கால் இருக்கிறது, வலியும் இருக்கிறது. இரண்டில் எது முதலில் போகும் என்று பார்ப்போம்.

‘வேலை பளு’ அல்ல, ‘வேலைப் பளு’. உன் கடிதத்தின் அந்த மூலையைச் சிவப்பு மையால் சுழித்து, கிழித்து, இதோடு வைத்திருக்கிறேன். ஐந்து வயதில் பேப்பரைத் தின்றாய், இப்போது ஒற்றைத் தின்கிறாய்.

என்னைப் பற்றி எழுத என்னடி இருக்கிறது? முப்பது வருடம் ப்ரூஃப் மேசையில் குனிந்து உட்கார்ந்தேன், கழுத்து வளைந்தது. எழுதித்தான் தீருவேன் என்றால் இதை எழுது. வேலைக்குச் சேர்ந்த வாரம் தலைமைச் செய்தியாளர் என் மேசையில் தாளைப் போட்டு, “எதுக்கும்மா எல்லாத்துக்கும் ஒற்று? இது இல்லாட்டி யாராவது செத்துப் போயிடுவாங்களா?” என்றார். “ஆளு சாகாது சார், மொழிதான் சாகும்” என்றேன். அன்றிலிருந்து ஒற்றுக்காரி என்று பெயர். நான் படியேறினால், “ஒற்றுக்காரி வர்றா, எண்ணிக்கோங்க” என்பார்கள்.

அப்போது இரண்டு பேர் வாதாடினால், “பேப்பர்லயே போட்டிருக்கு” என்று ஒருவர் சொன்னதும் வாதம் முடியும். இப்போது பேப்பரில் போட்டதிலிருந்துதான் வாதம் ஆரம்பம் என்கிறான் உன் அத்தான். எங்கள் தாள் தவறே செய்யாது என்று ஊர் நம்பியது. நாங்களும் நம்பினோம்.

புகைப்படம் தேடி அனுப்புகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

அத்தை


ஏப்ரல் 9

அன்புள்ள அத்தைக்கு,

நலம், உங்கள் நலம் அறிய ஆவல். ஒற்று வந்து சேர்ந்தது. மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

நேற்று முன்தினம் ஒருவர் தேடி வந்தார். எழுபது வயதிருக்கும். சட்டைப் பை விளிம்பில் வரிசையாகக் குண்டூசிகள், கையில் ஒரு துணி பை. வாசலிலேயே நின்று கேட்டார்.

“இங்கதான் பழைய பேப்பரையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்துறீங்களாமே?”

“ஆமாங்க.”

“என்னையும் ஏத்திட்டீங்களா?”

தையல்காரர். முப்பத்தொரு வருடங்களுக்கு முன் அளவெடுக்கப் போன வீட்டில் வளையல் காணாமல் போய், அவரைப் பிடித்திருக்கிறார்கள். நான்கு மாதம் கழித்து, அந்த வீட்டு அலமாரிக்குப் பின்னாலேயே வளையல் கிடைத்து, நீதிமன்றம் அவரை விடுவித்துவிட்டது. விடுவித்தது நம் தாளில் வரவில்லை. பிடித்தது வந்தது. தேடி எடுத்தேன். ஜூன் 11, ஐந்தாம் பக்கம், ஒற்றைப் பத்தி:

‘திருட்டுத் தையல்காரர் கைது.’

“கைதுன்னு மட்டும் போட்டிருந்தா கேஸ் முடிஞ்சதும் மறந்திருப்பாங்கம்மா. இதைப் பட்டமா கட்டிட்டாங்க. புதுசா வந்த தபால்காரர்கூட, ‘திருட்டுத் தையல்காரர் வீடு இதானே’ன்னு மரியாதையாத்தான் கேட்டாரு. பேப்பர்தானே, மக்கிப் போயிடும்னு காத்துக்கிட்டிருந்தேன். நீங்க அதைச் சாகவிடாம பண்றீங்களாம்.”

அவர் கேட்பது ஒன்றுதான். கடைசி இதழில், அதே ஐந்தாம் பக்கத்தில், ஒரு திருத்தம். இணையத்தில் வேண்டாமாம். “காகிதத்துல கெட்ட பேரு காகிதத்துலதான் தீரணும்” என்கிறார்.

ஒரு விசித்திரம், அத்தை. அன்று முதலில் அச்சான வெளியூர்ப் பதிப்பையும் பார்த்தேன். அதில் ‘திருட்டு தையல்காரர் கைது’ என்று இருக்கிறது. நடுவில் ஒற்றும் இல்லை, வேறு குறியும் இல்லை. எழுதியவர் ‘திருட்டு: தையல்காரர் கைது’ என்றுதான் எழுதியிருப்பார், அச்சுக் கோக்கும்போது முக்காற்புள்ளி விடுபட்டிருக்கிறது. பிறகு நகரப் பதிப்புக்குள் யாரோ ‘த்’ சேர்த்திருக்கிறார்கள். அந்த ஓர் எழுத்தில் அவர் திருடராகிவிட்டார்.

அன்று ப்ரூஃப் மேசையில் யார் இருந்தார்கள் என்று நினைவிருக்கிறதா?

உங்கள்,
கரையான்


ஏப்ரல் 28

அன்புள்ள பெண்ணுக்கு,

நலம். இங்கே வெயில் அதிகம்.

ப்ரூஃப் மேசையில் ஆறு பேர் இருந்தோம். ஒரு நாளைக்கு இருநூறு தலைப்பு. முப்பத்தொரு வருடத்துக்கு முந்தைய ஒரு பத்தியை யார் நினைவு வைத்திருப்பார்கள்? அந்த ஆள் சொல்வதெல்லாம் உண்மை என்று உனக்கு எப்படித் தெரியும்? பழைய தாள்களைக் கிளறினால் தும்மல்தான் மிச்சம். ஸ்கேன் செய்யச் சொன்னார்கள், ஸ்கேன் செய்.

கேட்ட புகைப்படம் இத்துடன்.

அத்தை


மே 20

அன்புள்ள அத்தைக்கு,

நலம். புகைப்படம் கிடைத்தது. காதில் பென்சில் செருகியபடி, எதிரில் இருக்கும் யாரையோ திட்டப் போகிறவரைப் போல அழகாக இருக்கிறீர்கள்.

சென்ற கடிதத்தில் நான் ‘துணி பை’ என்று எழுதியிருந்தேன். அனுப்பிய பிறகுதான் உறைத்தது. நீங்கள் குறிக்கவில்லை. நீங்கள் ஒற்றை விட்டு நான் பார்த்ததில்லை. கண் பரிசோதித்துக்கொண்டீர்களா?

தையல்காரர் வாரம் ஒரு முறை வருகிறார். வந்து சுவரோரம் உட்கார்ந்து, எதையும் தொடாமல், நான் பக்கம் புரட்டுவதைப் பார்க்கிறார். ஆசிரியரிடம் பேசினேன். “மனசு இருக்கும்மா, கைல ஆதாரம் இல்லையே. விடுதலையான உத்தரவைக் காட்டச் சொல்லுங்க, மறு நிமிஷம் போடுறேன்” என்றார். நியாயமாகத்தான் படுகிறது.

நீதிமன்றத்தில் அந்த ஆண்டுக் கோப்புகள் நீரில் நனைந்து அழிந்துவிட்டனவாம். தையல்காரரிடம் இருந்தது ஒரே ஒரு நகல். அதை அவர் அப்போதே, திருத்தம் கேட்டு எழுதிய கடிதத்தோடு, பதிவுத் தபாலில் நம் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டார். பதில் வரவில்லை. தபால் ரசீதை இன்னும் தைத்த உறை ஒன்றுக்குள் வைத்திருக்கிறார்.

பிழை பற்றிய வாசகர் கடிதங்கள் அந்த நாளில் யார் மேசைக்குப் போகும், அத்தை? பக்கத்தை ஆகஸ்ட் 26 அன்று மூடுகிறார்கள்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள்,
கரையான்


ஜூன் 24

அன்புள்ள அத்தைக்கு,

ஐந்து வாரமாகப் பதில் இல்லை. பயந்துபோய் அத்தானுக்குப் போன் செய்தேன். “அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல. பழைய தகரப் பெட்டியைத் திறந்து வச்சிட்டு உக்காந்திருக்காங்க. கிட்டப் போனா மூடிடுறாங்க” என்றார். நலம்தான் என்று தெரிந்ததும், அதைவிடப் பெரிய கவலை பிடித்துக்கொண்டது.

ஸ்கேன் அறையின் கடைசி அடுக்கில் பழைய வருகைப் பதிவேடுகள் இருக்கின்றன. அந்த வருடத்து ஜூன் 10, நகரப் பதிப்புப் பணி முறை. பார்த்துவிட்டேன். யார் என்று இங்கே எழுதவில்லை.

உங்களைப் பற்றிய கட்டுரை தயார். முதல் வரி: ‘முப்பது ஆண்டுகளில் அவர் கண்ணுக்குத் தப்பிய பிழை ஒன்றும் இல்லை.’ ஆசிரியர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். நான் இன்னும் கொடுக்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கரையான்


ஜூலை 10

பெண்ணே,

நலமா என்று கேட்பதற்குப் பதில், என்னைக் கூண்டில் ஏற்றுகிறாய். பதிவேடு பார்த்தாயாமே. படிக்கக் கற்றுக்கொடுத்தவளையே படிக்கிறாயா?

அந்த வருடம் என்ன வருடம் என்று உனக்குத் தெரியுமா? தலைமை ப்ரூஃப் பதவி காலியான வருடம். அந்த நாற்காலியில் அதுவரை எந்தப் பெண்ணும் உட்கார்ந்ததில்லை. ஒரு பிழை கிடைக்காதா என்று ஐந்து ஆண்கள் என் தாள்களைப் பின்னால் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பின் அந்த மேசைக்கு எத்தனை பெண்கள் வந்தார்கள், கேட்டுப் பார். உனக்கு அங்கே வேலை கேட்டபோது, யார் பெயரைச் சொன்னதும் கதவு திறந்தது?

எவனோ ஒரு தையல்காரனுக்காக அதையெல்லாம் அழிக்க வேண்டுமா? அந்த ஒற்று இலக்கணப்படி சரி. வன்தொடர்க் குற்றியலுகரத்துக்குப் பின் வல்லினம் மிகும். எந்தப் பண்டிதரிடம் வேண்டுமானாலும் கேள்.

அத்தை


ஜூலை 24

அன்புள்ள அத்தைக்கு,

நலம்.

இலக்கணப்படி சரிதான். கேட்க வேண்டிய அவசியமில்லை. எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான்.

போன ஞாயிறு தையல்காரர் வீட்டுக்குப் போனேன். முன்னறையில் ஒரு மெஷின், மேலே தொங்கும் ஒரு விளக்கு, கொக்கியில் கழற்றிப் பிரித்த மூன்று கோட்டுகள். வாசலில் பலகை இல்லை. அந்த ஜூனுக்குப் பிறகு வைக்கவே இல்லையாம். வேறு கடைகள் தங்கள் பெயரில் வாங்கும் வேலையை இவர் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிறார். நான் உட்கார்ந்ததும், “உங்களுக்கு இடது தோள் கொஞ்சம் இறக்கம்மா” என்றார். பக்கம் புரட்டிப் புரட்டி வந்தது.

“யார் வீட்டுக்கும் அளவெடுக்கப் போறதில்ல. கூப்பிடவும் மாட்டாங்க. ஆளைப் பார்த்தே அளவு சொல்லக் கத்துக்கிட்டேன்” என்றார். இதைப் பெருமையாகத்தான் சொன்னார்.

நம் தலைப்பை வெட்டி வைத்திருக்கிறார். நடுவில் இருக்கும் ‘த்’ மீது விரல் வைத்து, “இது என்ன எழுத்தும்மா, இங்க எதுக்கு வந்துச்சு?” என்று கேட்டார். தெரியாது என்றேன்.

நான் உங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. கொடுக்கவும் மாட்டேன். ஆனால் ‘பிழையே விடாத கண்கள்’ என்று என் கையால் எழுதிக் கொடுக்கவும் முடியாது. பக்கத்தில் இடம் காலியாகவே கிடக்கிறது.

இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.

கரையான்


ஆகஸ்ட் 12

அன்புள்ள கரையானுக்கு,

கூரியரில் அனுப்பச் சொல்லி உன் அத்தானை விரட்டியிருக்கிறேன். உறைக்குள் இரண்டு தாள்கள் இருக்கும். ஒன்று, தையல்காரர் எழுதிய கடிதம். இன்னொன்று, முத்திரையுள்ள விடுதலை உத்தரவின் நகல். இரண்டும் முப்பத்தொரு வருடம் என் பெட்டியில் இருந்தன. மூன்று வீடு மாறியபோதும் முதலில் ஏற்றியது அந்தப் பெட்டியைத்தான்.

நடந்தது இதுதான். நகரப் பதிப்பு முறைக்கு வந்து உட்கார்ந்தேன். தலைப்பில் ஒற்று இல்லை. எனக்குக் கோபம் வந்தது. பென்சிலை எடுத்து ‘த்’ போட்டேன். செய்தியாளர் எழுதிய மூலம் கைக்கெட்டும் தூரத்தில் ஆணியில் தொங்கியது. எடுத்து ஒப்பிட்டிருந்தால் முக்காற்புள்ளி கண்ணில் பட்டிருக்கும். ஒப்பிடத்தான் எனக்குச் சம்பளம். நான் ஒப்பிடவில்லை. ஒற்று விஷயத்தில் எனக்கு மூலம் எதற்கு என்ற திமிர்.

அது பிழை. அடுத்தது பிழை இல்லை.

அக்டோபரில் அவர் கடிதம் வந்தது. நீ கேட்டாயே, அந்த மாதிரிக் கடிதங்கள் யார் மேசைக்குப் போகும் என்று. என் மேசைக்குத்தான். திருத்தம் போட்டால், பழைய ப்ரூஃப் தாளை எடுப்பார்கள். என் பென்சில் தெரியும். பதவி முடிவாக இன்னும் ஒன்பது நாள் இருந்தது. ஒன்பது நாள் கழித்துக் கொடுக்கலாம் என்று இழுப்பறையில் வைத்தேன். பதவி வந்தது. பிறகு, இவ்வளவு நாள் ஏன் வைத்திருந்தாய் என்று கேட்பார்களே என்று பயம் வந்தது. அந்தப் பயம் ஒவ்வொரு வருடமும் ஒரு வயது கூடிக்கொண்டே வந்தது.

கிழித்துப் போட்டிருக்கலாம். ஏன் போடவில்லை என்று எனக்கே தெரியாது. நல்லவள் என்பதால் இல்லை.

போன கடிதத்தில் அவரை ‘எவனோ’ என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிடு.

அத்தை


ஆகஸ்ட் 18

அன்புள்ள அத்தைக்கு,

இரண்டு தாள்களும் பத்திரமாக வந்தன. ஆசிரியரிடம் கொடுத்தேன். எங்கே கிடைத்தது என்று கேட்டார். “ப்ரூஃப் பிரிவுல பழசுல இருந்துச்சு சார்” என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. திருத்தம் ஐந்தாம் பக்கத்தில், உங்கள் கட்டுரைக்கான இடத்துக்குக் கீழே வருகிறது. ப்ரூஃப் அனுப்பியிருக்கிறேன். நீங்கள் பார்க்காமல் அச்சுக்கு விட மனம் வரவில்லை.

‘திருத்தம்: முப்பத்தோர் ஆண்டுகளுக்கு முன், ஜூன் 11 இதழின் ஐந்தாம் பக்கத்தில், “திருட்டுத் தையல்காரர் கைது” என வெளியான தலைப்பில் பிழை நேர்ந்துவிட்டது. அவர் குற்றமற்றவர் என அதே ஆண்டு அக்டோபரில் நீதிமன்றம் விடுவித்தது. அச்செய்தி வெளியாகாமல் போனது. வருந்துகிறோம்.’

26-ஆம் தேதிக்குள் பதில் வேண்டும்.

உங்கள்,
கரையான்


ஆகஸ்ட் 22

கரையானுக்கு,

ப்ரூஃப் இத்துடன் திரும்புகிறது. ஒற்றெல்லாம் சரியாக இருக்கிறது. மற்றவை சரியில்லை. சிவப்பில் குறித்திருக்கிறேன். கோப்பவர் கண்ணில் படாமல் போகப் போகிறது, அதனால் இங்கேயும் எழுதுகிறேன்.

‘பிழை நேர்ந்துவிட்டது’: பிழை என்ன மழையா, தானாக வந்து விழ? ‘பிழை செய்தேன்.’

‘வெளியாகாமல் போனது’: அது எங்கேயும் போகவில்லை. என்னிடம்தான் இருந்தது. ‘அச்செய்தியை வெளிவரவிடாமல் மறைத்தேன்.’

‘வருந்துகிறோம்’: யார் யார்? உன் ஆசிரியர் அன்று பள்ளிப் பையனாக இருந்திருப்பார். ‘வருந்துகிறேன்.’

கீழே என் பெயர், அன்றைய பதவி, பின்னால் வந்த பதவி மூன்றும் போட வேண்டும். பெயரில் ஒற்றுப் பிழை வராது, கவலைப்படாதே.

‘பிழையே விடாத கண்கள்’ வேண்டாம். அந்த இடம் முழுவதையும் திருத்தத்துக்குக் கொடு. புகைப்படத்தை எனக்குத் திருப்பி அனுப்பு. நான் உனக்கு யார் என்று தையல்காரர் கேட்டால், சொல்.

மூலத்தோடு ஒப்பிட்டுவிட்டேன். அச்சிடலாம்.

அத்தை


செப்டம்பர் 3

அன்புள்ள அத்தைக்கு,

அச்சிட்டார்கள். நீங்கள் குறித்தபடியே, ஓர் எழுத்து மாறாமல். ஆசிரியர் உங்கள் சிவப்புக் குறிகளை இரண்டு முறை படித்தார். “இதுக்கு நான் தலைப்பு வைக்க மாட்டேன்மா, அப்படியே போடுங்க” என்றார்.

31-ஆம் தேதி காலையில் தையல்காரர் வந்தார். வழக்கமான சுவரோரம் உட்காரவில்லை. நின்றபடியே தாளை மேசைமேல் விரித்தார். படித்தார். மறுபடி படித்தார். பிறகு, கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்துத் திருத்தத்தை மேலிருந்து கீழாக அளந்தார். பையிலிருந்து பழைய நறுக்கை எடுத்துப் பக்கத்தில் வைத்து, அதையும் அளந்தார்.

“அது ரெண்டே கால் அங்குலம். இது ஏழு” என்றார். நறுக்கைத் திரும்பப் பைக்குள் வைக்கவில்லை. அது இப்போது என் மேசையில் இருக்கிறது. இணையத்தில் அவர் பெயரைத் தட்டினால் இரண்டு பக்கங்களும் சேர்ந்தே வரும்படி செய்துவிட்டேன்; திருத்தம் முதலில் வரும். அதைச் சொன்னேன். தலையாட்டினார்.

கீழே இருந்த பெயரில் விரல் வைத்து, “இவங்க இருக்காங்களா?” என்று கேட்டார்.

“இருக்காங்க. என் அத்தை.”

என் இடது தோளையே வெகுநேரம் பார்த்தார். நாடாவைச் சுற்றி முடித்து, தாளை நாலாக மடித்து, வாசல் வரைக்கும் போய்த் திரும்பினார்.

“கடுதாசி எழுதுவீங்களா அவங்களுக்கு?”

“எழுதுவேன்.”

“கேட்டேன்னு சொல்லாதீங்க. படிச்சேன்னு மட்டும் சொல்லுங்க.”

படித்தார், அத்தை. அவர் சொன்னபடியே சொல்லிவிட்டேன்.

கேட்பது நான்தான். எப்படி இருக்கிறீர்கள்?

உங்கள்,
கரையான்